மீந்த கம்பளி நூலில் வரி போட்ட கையில்லா ஸ்வெட்டர்: நூல் போதுமா, வரிகளை எப்படிப் பிரிப்பது?

நூல்கண்டு

வணக்கம். கையில் சேர்ந்துவிட்ட மீதி நூல்களை வைத்து, சட்டைக்கு மேல் போடுகிற மாதிரி வி கழுத்துக் கையில்லா ஸ்வெட்டர் ஒன்று பின்ன வேண்டும். மார்புச் சுற்றளவு 96 செ.மீ. தோளிலிருந்து அடி வரை 60 செ.மீ. வேண்டும். தராசில் நிறுத்துப் பார்த்த கணக்கு இது:

கருநீலம் 62 கிராம், சாம்பல் 55, கடுகு மஞ்சள் 40, பால் வெள்ளை 36, பாசிப்பச்சை 34, செங்கல் சிவப்பு 28. இந்த ஆறும் டிகே கனம் (நடுத்தரத் தடிமனான நூல்). சாம்பலுக்கு லேபிள் இல்லை, மற்ற ஐந்தும் சுத்தக் கம்பளி. இவை தவிர, டிகேயை விட மெல்லிய 4 ப்ளை கம்பளியில் ஊதா 26 கிராம், டிகே கனத்தில் ஆகாய நீலப் பருத்தி 40 கிராம்.

4 மி.மீ. ஊசியில் எனக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை வருகிறது.

இது போதுமா? அளவு ஏறுமாறாக இருக்கும் நிறங்களை எப்படிப் பங்கிடுவது? சுற்றாகப் பின்னுவதா, முன்னும் பின்னும் தனித்தனியாகவா? நிறம் மாற்றும் இடமெல்லாம் தொங்கும் முனைகளுக்கு என்ன வழி?

கண்ணிக்கணக்கு

நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் நூலைத் தரம் பிரித்துவிடுங்கள்.

பருத்தியை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். பருத்தி கனமானது, இழுத்தால் திரும்பிச் சுருங்காது. கம்பளிக்கு நடுவே ஒரு பருத்தி வரி வந்தால் அந்த இடம் மட்டும் தொங்கும், நாள்பட அகலும்.

ஊதாவை இரட்டை இழையாகப் பிடித்தால் டிகே கனத்துக்கு வந்துவிடும். ஒரே உருண்டையின் உள்முனையையும் வெளிமுனையையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள், முறுக்கிக்கொண்டு சிக்கும். தராசில் வைத்து 13 கிராம் வீதம் இரண்டு உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். கனம் ஒத்துவருகிறதா என்று பார்க்க, ஒரு பென்சிலில் இரட்டை ஊதாவை 20 சுற்று, பக்கத்தில் கருநீலத்தை 20 சுற்று நெருக்கமாக, இறுக்காமல் சுற்றி இரண்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள்.

லேபிள் இல்லாத சாம்பலில் விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை விலக்கினால் தானே அணையும், எரிந்து மிஞ்சுவது விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். சொட்டுவது சுடும், கையில் பிடிக்க வேண்டாம்.

இனி கணக்கு. சட்டைக்கு மேல் போடுவதால் 8 செ.மீ. தளர்வு விட்டு 104 செ.மீ. சுற்றளவு வைக்கலாம். செ.மீ.க்கு 2.2 கண்ணி என்றால் 229 வருகிறது. 2 நிட் (நேர்க்கண்ணி) 2 பர்ல் (எதிர்க்கண்ணி) மாறி மாறி வரும் ரிப்புக்கு (இழுபடும் ஓரப் பட்டைக்கு) 4 ஆல் வகுபட வேண்டுமே, அதனால் 228. அடியிலிருந்து அக்குள் வரை 36 செ.மீ. வைத்தால் 18 சுற்று ரிப், 90 சுற்று ஸ்டாக்கினெட் (வெளிப்பக்கம் முழுக்க நிட் தெரியும் சாதாரணப் பின்னல்). கைக்குழி 24 செ.மீ., அதாவது 72 வரிசை.

ரிப்புக்கு 4,100 கண்ணி, உடலுக்கு 20,500, அக்குளுக்கு மேல் முதுகு 5,800, முன்பக்கம் 4,000, கழுத்துப் பட்டையும் கைப் பட்டைகளும் சேர்ந்து 3,100. மொத்தம் சுமார் 37,500 கண்ணி. 40 கண்ணி, 40 வரிசையில் ஒரு மாதிரித் துண்டு பின்னி நிறுத்துப் பாருங்கள், அதில் 1,600 கண்ணி இருக்கிறது. சாதாரண டிகே நூலில் அது 10 கிராமை ஒட்டி வரும். அப்படியானால் மொத்தம் 235 கிராம். உங்கள் துண்டு 11 கிராம் காட்டினால் 258 ஆகிவிடும், எனவே என் எண்ணை நம்பாமல் உங்கள் துண்டை நம்புங்கள். நூல் போதாவிட்டால் அந்தத் துண்டையே பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலர் விட்டுவிடுவது முனைகளுக்குப் போகும் நூல். ஒரு வரிக்கு இரண்டு முனை, முனைக்கு 15 செ.மீ. வைத்தாலே 70, 80 வரித் துண்டுகளுக்கு 20 மீட்டருக்கு மேல் போகும். கிட்டத்தட்ட 10 கிராம். ஆக 245 கிராம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியை நீக்கினால் உங்களிடம் 281 இருக்கிறது. சாம்பலும் கம்பளியாக இருந்தால் போதும்.

ரிப்பும் பட்டைகளும் ஒரே நிறத்தில் வர 45 கிராம் வேண்டும். கருநீலத்தில் அதை முதலிலேயே தனியாக உருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். வரிக்கு நூல் குறைகிறதே என்று நடுவில் அதிலிருந்து எடுத்தால், கடைசியில் ஒரு கைக்குழிக்குப் பட்டை இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது.

சுற்றுப்பின்னல்

அக்குள் வரை சுற்றாகப் பின்னுங்கள். 80 செ.மீ. சர்க்குலர் ஊசி (இரு முனைகளை வளையும் கம்பி இணைக்கும் வட்ட ஊசி) போதும், ரிப்புக்கு 3.25, உடலுக்கு 4 மி.மீ. பக்கத் தையல் கிடையாது, முன் வரியும் பின் வரியும் தானாக ஒன்றாக நிற்கும். இரண்டு உருண்டை, மூன்று உருண்டை என்று பிரிக்கும் வேலையும் அக்குள் வரை இல்லை.

சுற்றில் வரும் தொல்லை ஒன்றே ஒன்று, படி விழுவது. சுற்றுப் பின்னல் உண்மையில் சுருளாக ஏறுகிறது. சுற்றின் கடைசிக் கண்ணி, முதல் கண்ணியை விட ஒரு வரிசை மேலே நிற்கும். ஒரே நிறத்தில் இது தெரியாது, நிறம் மாறும் இடத்தில் வெட்டிய மாதிரி தெரியும். சரிசெய்யும் முறை: புது நிறத்தில் ஒரு சுற்று முழுக்கப் பின்னுங்கள். இரண்டாம் சுற்றின் முதல் கண்ணிக்கு வந்ததும், அதற்கு நேர் கீழே உள்ள பழைய நிறக் கண்ணியின் வலது காலை ஊசியால் தூக்கி இடது ஊசியில் ஏற்றுங்கள். அதையும் முதல் கண்ணியையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். பழைய நிறம் ஒரு வரிசை மேலே ஏறி, படி மறைந்துவிடும். அந்த ஒரு கண்ணியில் மட்டும் வரி ஒரு வரிசை குறையும், அதனால் 2 சுற்றுக்குக் குறைவான வரியில் இது நடக்காது. சுற்றின் தொடக்கத்தை இடது அக்குளுக்குக் கீழே வைத்தால் மிச்சமுள்ள சின்னக் கோணலும் கைக்கு அடியில் போய்விடும்.

சில சுற்று கழித்து அதே நிறம் மறுபடி வேண்டும் என்றால் நூலை வெட்டாமல் உள்பக்கமாக மேலே கொண்டுபோகலாம். 4 சுற்று வரை நேராக ஏற்றலாம். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு 3 சுற்றுக்கும் ஒரு தடவை, பின்னுகிற நூலோடு ஒரு முறுக்கு முறுக்கிப் பிடியுங்கள். 8 சுற்றுக்கு மேல் வெட்டிவிடுவதே நல்லது. ஏற்றும்போது துணியைச் செங்குத்தாக லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நூலை விடுங்கள். இறுக்கமாக ஏறிய நூல் பக்கத்தைச் சுருக்கி, முடிந்த பிறகு அந்தப் பக்கம் மட்டும் 2 செ.மீ. தூக்கி நிற்கும். தண்ணீரில் நனைத்துப் பரப்பினாலும் அது இறங்காது.

ரிப்பிலும் வரி போட ஆசை வந்தால், புது நிறத்தின் முதல் சுற்றை மட்டும் முழுக்க நிட் போடுங்கள், அடுத்த சுற்றிலிருந்து ரிப்புக்குத் திரும்புங்கள். நிறம் மாறும் சுற்றிலேயே பர்ல் போட்டால் பழைய நிறத்தின் புள்ளிகள் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும்.

தட்டைவரிசை

சுற்றுக்கு எதிராக ஒரு வார்த்தை. நூல் விதவிதமாக இருக்கும்போது தட்டையாகப் பின்னிப் பக்கங்களை வெளியே தெரியாத மேட்ரஸ் தையலில் சேர்ப்பதற்கும் நியாயம் உண்டு. முனைகள் எல்லாம் தையல் ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும், படிப் பிரச்சினையே இல்லை, பக்கத் தையல் உடலைத் தொங்கவிடாமல் பிடித்து நிறுத்தும். பக்கத்துக்கு 1 கண்ணி கூடுதலாக 116 வீதம் ஏற்ற வேண்டும், தையலுக்குள் இரண்டும் போய்விடும்.

ஆனால் இரட்டைப்படை வரிசைகளில் மட்டும் நிறம் மாற்ற வேண்டும். 3 வரிசை, 5 வரிசை போட்டால் நூல் எதிர்முனையில் நின்றுவிடும். தட்டைப் பின்னலையும் சர்க்குலர் ஊசியில் செய்தால் இதற்கு வழி உண்டு, திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூல் இருக்கும் பக்கத்திலிருந்தே பின்னலாம்.

சுற்றில் பின்னுவது என்று முடிவெடுத்தாலும் ஒன்றைச் சோதியுங்கள். அக்குளுக்கு மேல் தட்டையாகத்தான் போக வேண்டும். பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையை விடத் தளர்வாக வரும், சுற்றில் 22 கண்ணி வந்த கை தட்டையில் 21 என்று இறங்கிவிடும். மாதிரித் துண்டை இரண்டு முறையிலும் பின்னி, நனைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் மேல்பகுதியின் பர்ல் வரிசைகளுக்கு மட்டும் 3.75 ஊசி பிடித்தால் சரியாகிவிடும்.

நூல்கண்டு

அனைவருக்கும் நன்றி. கொளுத்திப் பார்த்தேன், சாம்பல் உருகிக் கறுப்பு மணியானது. அக்ரிலிக்தான். மாதிரித் துண்டு 10.2 கிராம். சாம்பல் இல்லாமல் 226 தான் இருக்கிறது. சாம்பலைச் சேர்த்தே பின்னிவிடலாமா? சுற்றாகப் பின்னுவது என்று தீர்மானித்துவிட்டேன். அக்குளுக்கு மேல் வரிகள் முன்னும் பின்னும் ஒத்துவர என்ன செய்ய வேண்டும் என்றும் யாராவது விளக்கினால் உதவும்.

கண்ணிக்கணக்கு

10.2 என்றால் 239, முனைகளோடு 250. சாம்பல் இல்லாமல் 24 கிராம் குறைகிறது.

அக்ரிலிக்கைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. கம்பளி நனைந்தால் இளகி, பரப்பிய அளவில் காய்ந்து நிற்கும். அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது. சூடு காட்டினால் இளகும்தான், ஆனால் கொஞ்சம் கூடினாலும் உயிரில்லாமல் தொய்ந்துவிடும், திரும்பி வராது. ஒரே துணியில் ஒரு வரி விரிந்து அடுத்த வரி விரியாமல் நின்றால், பக்க ஓரம் நெளியும்.

நீளத்தைக் குறைத்தும் சமாளிக்கலாம். ஒரு சுற்றுக்கு 1.4 கிராம், 9 சுற்று (3 செ.மீ.) குறைத்தால் 13 கிராம் மிச்சம். ஆனால் 24க்கு 5 செ.மீ.க்கு மேல் குறைக்க வேண்டிவரும், இடுப்புக்கு மேலே நின்றுவிடும். அதைவிட 50 கிராம் டிகே கம்பளி உருண்டை ஒன்று புதிதாக வாங்கி, ரிப், கழுத்து, கை எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடுங்கள். பட்டைகளின் 45 கிராம் 50க்குள் அடங்கும். பட்டைகள் முழுவதும் ஒரே உருண்டையிலிருந்து வருவதால் பழைய கருநீலத்தோடு சாயம் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, வேறு நிறமே எடுக்கலாம். பழைய 62 கிராமும் வரிகளுக்குக் கிடைத்துவிடும்.

சுற்றுப்பின்னல்

சாம்பல் விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். அக்ரிலிக்கும் கம்பளியும் 8 வரிசைக்கு ஒரு முறை மாறி மாறி வரும் ஒரு துண்டு பின்னி, இரண்டு முறை துவைத்து உலர்த்தி, ஓரம் நேராகவே நின்றால் சேர்க்கலாம். நின்றால் மட்டும்.

மேல்பகுதிக்கு வருவோம். பெரும்பாலான மீதிநூல் ஸ்வெட்டர்கள் கெடுவது இங்கேதான். கீழே ஒரே சுற்றாக வந்த வரி, மேலே முதுகு, இடது முன், வலது முன் என்று மூன்று துண்டாகிறது. ஒவ்வொரு நிறமும் மூன்று இடத்துக்கும் எட்ட வேண்டும். கீழே தாராளமாகச் செலவழித்துவிட்டு மேலே வந்தால் முதுகில் இருக்கும் மஞ்சள் முன்பக்கத்தில் இல்லாமல் போகும்.

எனவே கேஸ்ட் ஆன் செய்யும் (முதல் கண்ணிகளை ஊசியில் ஏற்றும்) முன்பே வரிகளுக்கான ஒவ்வொரு நிறத்திலும் மூன்றில் ஒரு பங்கை மேலுக்கு எடுத்து வையுங்கள். அந்தப் பங்கைப் பத்தாகப் பிரித்தால் முதுகுக்கு 6, ஒவ்வொரு முன் பாதிக்கும் 2. வி கழுத்து அறுத்துக்கொண்டே போவதால் முன் பாதிகள் கொஞ்சமாகவே நூல் தின்னும். உதாரணத்துக்கு செங்கல் சிவப்பு 28 கிராம். கீழே 19, அதில் 13 சுற்று வரும், 5, 5, 3 என்று போடலாம். மேலே 9 கிராம், முதுகுக்கு 5.4, பாதிகளுக்கு 1.8 வீதம். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வரிசைக்கு 0.85 கிராம் போகும், ஆக 10 வரிசை. இவ்வளவு சிறிய எடைக்கு 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

குறைக்கும் கணக்கு இது. 228 ஐ 114 வீதம் பிரியுங்கள். முதுகில் இரு பக்கமும் 8 கண்ணி பைண்ட் ஆஃப் (பின்னி மூடுவது), பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 1 வீதம் 5 முறை, ஒன்று விட்டு ஒரு வரிசையில் 6 முறை. பக்கத்துக்கு 19 போய் 76 நிற்கும். அப்படியே 72 வரிசை வரை நேராகப் போங்கள். தோளுக்கு 19, கழுத்துக்கு 38, தோளுக்கு 19.

முன்பக்கத்தில் வி கழுத்து, கைக்குழி தொடங்கும் அதே வரிசையில் தொடங்கட்டும். நடுவில் பிரித்தால் பாதிக்கு 57. கைக்குழியில் 19 குறைப்பு முதுகைப் போலவே. கழுத்தில் ஒன்று விட்டு ஒரு வரிசையில் 8 முறை, பிறகு 4 வரிசைக்கு ஒரு முறை வீதம் 11 முறை, மீதி 12 வரிசை நேராக. 19 கண்ணி நிற்கும். அணிபவரின் இடது பாதியில் வரிசை முடிய 4 கண்ணி இருக்கும்போது இரண்டைச் சேர்த்து நிட், பிறகு 2 நிட். வலது பாதியில் தொடக்கத்தில் 2 நிட், அடுத்த இரண்டையும் தனித்தனியாக நழுவவிட்டுப் பின்காலில் சேர்த்துப் பின்னுங்கள். சாய்வு இரண்டு பக்கமும் கழுத்தின் ஓரத்தோடு ஓடும்.

நிறத்தை எப்போதும் வெளிப்பக்க வரிசையின் தொடக்கத்தில் மாற்றுங்கள். இடது பாதியில் அது கைக்குழி ஓரம், வலது பாதியில் கழுத்து ஓரம். வலது பாதியிலும் முனைகள் கைக்குழியில்தான் இருக்க வேண்டும் என்று உள்பக்க வரிசையில் மாற்றினால் வரி ஒரு வரிசை நகர்ந்து, தோளில் சேர்க்கும்போது இடறும். முதுகை முதலில் முடித்து, எந்த நிறம் எத்தனை வரிசை என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்தே முன் பாதிகளைப் பின்னுங்கள்.

தோள்களை மூன்று ஊசி பைண்ட் ஆஃபில் (இரு ஊசிகளில் உள்ள கண்ணிகளை மூன்றாவது ஊசியால் சேர்த்துப் பின்னி மூடுவது), உள்பக்கம் வெளியே தெரிய வைத்துச் சேருங்கள்.

தட்டைவரிசை

பட்டைக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும் விகிதம் இல்லாமல் இது முடியாது. 3.25 ஊசியில் 4 வரிசைக்கு 3 கண்ணி எடுங்கள். 72 வரிசைக்கு 54. கைக்குழியில் முன் 54, பின் 54, அக்குளில் 16, மொத்தம் 124, 4 ஆல் வகுபடும். கழுத்தில் 54, 54, முதுகில் நிற்கும் 38, வி முனையில் நடுவே ஓடும் இழையைத் தூக்கி முறுக்கி எடுத்த 1 கண்ணி, ஆக 147. நடுக்கண்ணி எப்போதும் நிட், அதன் இரு பக்கமும் 2 பர்லில் தொடங்கினால் மீதி 146 ம் சரியாக அடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் நடுக்கண்ணியையும் அதற்கு முந்தையதையும் சேர்த்து நழுவவிட்டு, அடுத்ததைப் பின்னி, நழுவியவற்றை அதன் மேல் தாண்ட விடுங்கள். 8 சுற்று போதும். வரிசைக்கு ஒரு கண்ணி என்று எடுத்தால் பட்டை அலை அலையாக விரியும், 2 வரிசைக்கு 1 என்றால் கைக்குழி சுருங்கி உள்ளே இழுக்கும்.

முனைகளுக்கு: சராசரி 4 வரிசை வரி என்றால் 150 முனை வரை வரும். கடைசியில் மொத்தமாக உட்காராதீர்கள். புது நிறத்தின் முதல் வரிசையிலேயே பழைய முனையை ஒரு கண்ணிக்கு மேல், ஒரு கண்ணிக்குக் கீழ் என்று 8, 10 கண்ணிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் பாதி வேலை அங்கேயே தீரும். ஆனால் நிறங்கள் மிகவும் வேறுபட்டால் முனையை அதன் சொந்த நிற வரிக்குப் பின்னாலேயே ஓட்டுங்கள், கருநீல முனையைப் பால் வெள்ளை வரிக்குப் பின்னால் ஓட்டினால் வெளியே நிழலாகத் தெரியும். ஒரே நிறத்தில் இரண்டு துண்டை இணைக்க, மெஷின் வாஷ் பதனிடாத கம்பளியாக இருந்தால், இரு முனையையும் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஈரமாக்கி உள்ளங்கையில் சூடேறும்வரை தேயுங்கள், ஒட்டிக்கொள்ளும். பதனிட்ட நூல் ஒட்டாது.

வண்ணவரி

நிற வரிசைக்கு ஒரு யோசனை. உருண்டைகளை வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். பாசிப்பச்சையும் செங்கல் சிவப்பும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாக விழ வாய்ப்பு அதிகம். அப்படி விழும் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் தூரத்திலிருந்து ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். இடையில் பால் வெள்ளையோ மஞ்சளோ 2 வரிசை கொடுத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

எல்லா வரியும் 4 வரிசை என்று வைக்காதீர்கள். நூல் ஏறுமாறாக இருப்பதால் ஒரு நிறம் பாதியில் தீர்ந்து முறை உடையும், உடைந்த இடம் கண்ணை உறுத்தும். 2, 3, 5, 8 என்று (அக்குளுக்கு மேல் தட்டையாகப் போகும் இடத்தில் இரட்டைப்படையில் மட்டும்) கலந்து போட்டால் எந்த நிறம் எங்கே தீர்ந்தாலும் அதுவும் திட்டமிட்டதாகவே இருக்கும். 8 வரிசை அகல வரிகளை அதிகம் இருக்கும் கருநீலத்துக்கும் மஞ்சளுக்கும் கொடுங்கள், ஊதாவும் சிவப்பும் 2, 3 இல் வரட்டும். மார்பின் நடுவில் வெளிர் நிற அகல வரி விழுந்தால் பார்வை அங்கேயே நிற்கும், வேண்டாமென்றால் அதை அடிப்பக்கம் தள்ளுங்கள்.

பின்னத் தொடங்கும் முன் கருநீலம், சிவப்பு, ஊதா மூன்றிலும் கை நீளத் துண்டு எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூலை மட்டும் சிட்டமாகச் சுற்றி, தளர்வாகக் கட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள். அப்படியும் இறங்கிக்கொண்டே இருக்கும் நூலைப் பால் வெள்ளை இருக்கும் துணியில் சேர்க்கவே கூடாது. முதல் துவைப்பு குளிர்ந்த தண்ணீரில், தேய்க்காமல், முறுக்காமல். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, தட்டையாகப் பரப்பி 52க்கு 60 அளவில் (சுற்றளவு 104) விடுங்கள். ரிப்பை மட்டும் இழுக்காதீர்கள்.